சோதனை செய்த மூலிகை என்கிறார்களே, எதைச் சோதனை செய்தார்கள்?



சம்பளம் போட்ட வாரத்தில் தோட்டத்துக்குள் நுழையும் வேன்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. துணிக்காரர் வருகிறார், தவணைக்குச் சாமான் கொடுப்பவர் வருகிறார், இப்போதெல்லாம் மூலிகைச் சாறு விற்பவரும் வருகிறார். அப்படி வந்த ஒருவர் கோயில் பக்கத்து மரத்தடியில் மேசை போட்டு, புட்டி ஒன்று 80 வெள்ளி என்று விற்றதை நான் நின்று பார்த்தேன். சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, மூட்டு வலி, கல்லீரல் கோளாறு எல்லாவற்றுக்கும் அந்த ஒரே புட்டிதான்! "இது சும்மா நாட்டு மருந்து இல்லீங்க, யுனிவர்சிட்டியில டெஸ்ட் பண்ணினது, ஆன்டிஆக்சிடன்ட் இருக்குன்னு நிரூபிச்சாச்சு" என்று சொல்லி ஒரு தாளையும் நீட்டினார். தாள் நிறையக் கோடுகளும் எண்களும் இருந்தன. செம்பனைக் குலை வெட்டும் தம்பி ஒருவர் இரண்டு புட்டி வாங்கிப் போனார். அவருடைய இரண்டு நாள் கூலி அதோடு போயிற்று.

அந்தத் தாள் பொய் என்று நான் சொல்லவில்லை. மெய்யாகவே இருக்கலாம். சங்கடமே அதில்தான் இருக்கிறது. மெய்யான தாளைக் கையில் வைத்துக்கொண்டு பொய்யான வியாபாரம் செய்ய முடியும். ஆகவே, சோதனை என்றால் என்ன, எந்தச் சோதனை எதைக் காட்டும் என்பதை நாமும் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. படிப்பு குறைவு என்று யாரும் கூச்சப்பட வேண்டாம். சமையல்கட்டிலும் பால்மரக் காட்டிலும் நமக்குப் பழகிய விஷயம்தான் இது.

வாழைக்காயை நறுக்கிச் சும்மா வைத்தால் கறுத்துப் போகிறதல்லவா? காற்றிலுள்ள பிராணவாயு அதில் செய்கிற வேலை அது. எலுமிச்சம் பழம் பிழிந்த தண்ணீரில் போட்டு வைத்தால் அவ்வளவாகக் கறுப்பதில்லை. ரப்பரும் இப்படித்தான். பழைய ரப்பர் வளையம் பிசுபிசுத்து அறுந்து போவதையும், வெயிலில் கிடந்த டயர் வெடிப்பு விடுவதையும் பார்த்திருப்பீர்கள். இதைத் தடுக்கத் தொழிற்சாலையில் ரப்பரோடு ஒரு சரக்குச் சேர்க்கிறார்கள். அதற்குப் பெயர் ஆன்டிஆக்சிடன்ட். இந்தப் பெயர் மருந்துக் கடைக்கு வருமுன்பே ரப்பர்த் தொழிற்சாலைக்கு வந்துவிட்ட பெயர். நாம் சீவிய பால் கெடாமலிருக்கப் பிறந்த பெயரைப் புட்டியில் ஒட்டி இன்று நமக்கே விற்கிறார்கள்!

நம் உடம்புக்குள்ளும் இதே போன்ற சேதம் நடக்கிறது. கீரை, காய், பழங்களில் அதைத் தடுக்கும் பொருட்கள் இருக்கின்றன. இது உண்மை. ஆனால் இந்த உண்மைக்கும் அந்த 80 வெள்ளிப் புட்டிக்கும் நடுவில் நீண்ட தூரம் இருக்கிறது.

ஆய்வுக்கூடத்தில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? செடியை உலர்த்திப் பொடியாக்கி, மெத்தனால் போன்ற ஒரு திரவத்தில் ஊற வைத்து வடிகட்டுகிறார்கள். (கள்ளச் சாராயத்தில் கலந்து ஆளைக் கொல்லுகிற அதே மெத்தனால்தான்.) பிறகு டி.பி.பி.எச். என்ற ஊதா நிறக் கரைசலில் அந்தச் சாற்றைக் கொஞ்சம் விடுகிறார்கள். அரை மணி நேரத்தில் ஊதா வெளுத்து மஞ்சளானால், செடியில் ஆன்டிஆக்சிடன்ட் இருக்கிறது என்று எழுதிக்கொள்கிறார்கள். செலவு குறைவு, நேரமும் குறைவு. படிக்கிற பிள்ளைகள் பயிற்சிக்காகவே செய்யும் சோதனை இது. தப்பில்லை, ஆராய்ச்சிக்கு அது முதல் படி. ஆனால் அந்தப் பரீட்சையில் எந்த இலைதான் தேறாது? முருங்கைக் கீரை தேறும், கருவேப்பிலை தேறும், கொய்யா இலை தேறும். காலையில் பிரட்டுக்குப் போகுமுன் நீங்கள் குடிக்கிற வெறும் தேத்தண்ணியை விட்டாலும் அந்த ஊதா வெளுத்துப் போகும்!

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆய்வுக்கூடத்தில் மெத்தனாலில் இறங்கும் சத்து வேறு, நம் வீட்டில் தண்ணீரில் கொதிக்க வைத்தால் இறங்குவது வேறு. கண்ணாடிக் குழாய்க்கு வயிறும் இல்லை, ஈரலும் இல்லை. குழாயில் வேலை செய்த பொருள் வாய்வழி போய், செரித்து, இரத்தத்தில் கலந்து, போக வேண்டிய இடத்துக்குப் போகுமா என்பதை ஊதாத் தண்ணீர் சொல்லாது. உணவுப் பொருட்களின் ஆன்டிஆக்சிடன்ட் அளவைப் பட்டியலிட்டு வெளியிட்டு வந்த அமெரிக்க விவசாய இலாகாவே 2012-இல் அந்தப் பட்டியலை எடுத்துவிட்டது. குழாயில் கிடைத்த எண்களை உடம்புக்கு நன்மை என்று காட்டி வியாபாரிகள் தவறாகப் பயன்படுத்தினார்கள் என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று.

"இருந்துட்டுப் போகட்டும், கெடுதல் ஒண்ணும் இல்லையே" என்று சிலர் சொல்வார்கள். பின்லாந்து நாட்டில் புகை பிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது. கேரட்டுக்கு நிறம் கொடுக்கும் பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்சிடன்டை மாத்திரையாக ஒரு பகுதியினருக்குப் பல ஆண்டுகள் கொடுத்தார்கள். நுரையீரல் புற்றுநோய் குறையும் என்பது எதிர்பார்ப்பு. 1994-இல் முடிவு வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களிடம் அந்த நோய் 18 சதவீதம் அதிகமாயிருந்தது! கேரட் சாப்பிடப் பயப்படாதீர்கள். உணவாகச் சாப்பிடுவது ஒன்று, சத்தைப் பிரித்தெடுத்து அளவுக்கு மேல் விழுங்குவது வேறொன்று.

சரி, உண்மையான சோதனை எப்படி இருக்கும்? அதைப் பார்க்கப் பின்லாந்து வரை போக வேண்டாம். நம் கோலாலம்பூரிலேயே நடந்திருக்கிறது. அந்தக் காலத்தில் இங்கே பெரிபெரி நோயால் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். கால் வீங்கும், நடை தள்ளாடும், கடைசியில் இருதயம் நின்றுவிடும். தீட்டிய வெள்ளை அரிசி சாப்பிட்ட சீனச் சுரங்கத் தொழிலாளர்களை அது அதிகமாகத் தாக்கிற்று. புழுங்கல் அரிசி சாப்பிட்ட நம் தமிழர்களை அவ்வளவாகத் தொடவில்லை. அரிசிதான் காரணமா, வேறு தொற்றா? ஆளுக்கு ஆள் ஒன்று சொன்னார்கள். வில்லியம் பிளெச்சர் என்ற டாக்டர் 1905, 1906 ஆம் ஆண்டுகளில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணச் சொன்னார். ஒற்றைப்படை எண்காரர்கள் ஒரு கட்டடத்துக்கு, இரட்டைப்படை எண்காரர்கள் இன்னொரு கட்டடத்துக்கு. ஒரு பக்கம் வெள்ளை அரிசி, மறுபக்கம் புழுங்கல் அரிசி. கட்டடத்தில்தான் நோய் இருக்கிறதோ என்ற சந்தேகம் வரக்கூடாது என்று நடுவில் இரண்டு கூட்டத்தையும் கட்டடம் மாற்றினார். வெள்ளை அரிசிக்காரர்கள் கூட்டமாக நோயில் விழுந்தார்கள், பலர் இறந்தார்கள். புழுங்கல் அரிசிக்காரர்களில் புதிதாக நோய் கண்டவர் யாருமில்லை என்றே சொல்லலாம். கேட்கவும் மறுக்கவும் முடியாத நோயாளிகளை வைத்து இப்படிச் செய்தது நியாயமா என்று இன்று கேட்டால், நியாயமில்லை என்பதே என் பதில். ஆனால் சோதனையின் முறை சரியான முறை. சாப்பிட்டவரையும் சாப்பிடாதவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் ஒரு மருந்து வேலை செய்கிறது என்று சொல்வதற்கில்லை. "என் மச்சானுக்கு நல்லாப் போச்சு" என்பது சோதனை ஆகாது. மச்சானுக்கு மருந்து இல்லாமலேயே நல்லாப் போயிருக்கலாம்.

இப்போது நம் வாசலில் முளைக்கும் செடிக்கு வருவோம். கீழாநெல்லியைத் தெரியாத தோட்டத்து வீடு உண்டா? மலாய்க்காரர்கள் டுக்குங் அனாக் என்பார்கள், இலைக்கு அடியில் பிள்ளையைச் சுமப்பது போல் காய் இருப்பதால். மஞ்சள் காமாலை என்றால் பாட்டி அதை அரைத்து மோரில் கலந்து கொடுப்பார். இந்தப் பழக்கத்தை விஞ்ஞானிகள் அலட்சியம் செய்யவில்லை என்பதை நான் பெருமையோடு சொல்லுவேன். ஹெப்படைடிஸ் பி என்ற காமாலைக் கிருமியைக் கண்டுபிடித்ததற்காக 1976-இல் நோபல் பரிசு பெற்ற டாக்டர் புளும்பெர்க்கே அந்த ஆராய்ச்சியில் சேர்ந்தார். அமெரிக்காவில் சாற்றைக் குழாயில் சோதித்தார்கள், கிருமி பெருகுவது தடைப்பட்டது. அதே வகைக் கிருமி உள்ள ஒரு காட்டு விலங்குக்குக் கொடுத்தார்கள், அதிலும் பலன் தெரிந்தது. பிறகு சென்னையில் டாக்டர் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் மனிதர்களுக்கே கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தத்தில் கிருமியைச் சுமந்துகொண்டிருந்தவர்களில் ஒரு பிரிவுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி, மறு பிரிவுக்கு மருந்தில்லாத வெறும் பொடி. 1988-இல் வெளிவந்த முடிவு உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்துவிட்டது. வெறும் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி நேர்ந்தது.

அன்று நம்மவர்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்கள்! ஆனால் கதை அதோடு முடியவில்லை. தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள், அந்தப் பலன் கிடைக்கவில்லை. நெதர்லாந்திலும் கிடைக்கவில்லை. செடி வேறா, மண் வேறா, பறித்த பருவம் வேறா என்று வாதம் நடந்தது. கீழாநெல்லி போலவே இருக்கும் இனங்கள் பல உண்டு. தண்டு சிவந்த ஒன்று நம் தோட்டத்திலேயே கூட முளைக்கிறது. பின்னால் எல்லாச் சோதனைகளையும் சேர்த்துப் பார்த்தவர்கள், கீழாநெல்லி இந்த நோயைத் தீர்க்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றே முடிவு செய்தார்கள். குழாயில் தேறி, விலங்கில் தேறி, ஒரு மனிதச் சோதனையிலும் தேறிய செடிக்கே இந்தக் கதி. அப்படியிருக்க, ஊதாத் தண்ணீரில் மட்டும் தேறிய புட்டியை நம்பிச் சர்க்கரை மாத்திரையை நிறுத்தலாமா?

செடியில் ஒன்றுமில்லை என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியைப் பாருங்கள். ஜமைக்காவில் அதன் இலைக் கஷாயத்தைச் சர்க்கரை நோய்க்குக் குடித்தார்கள். கனடாவில் நோபிள், பீர் என்ற இருவர் அதைச் சோதித்தபோது சர்க்கரை குறையவில்லை. எலிகளின் வெள்ளை இரத்த அணுக்கள்தாம் குறைந்தன. வேறு ஆளாயிருந்தால் தூக்கிப் போட்டிருப்பார். அவர்கள் யோசித்தார்கள். 1958-இல் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து பற்றிய சேதி வெளிவந்தது. அதே செடியிலிருந்து கிடைத்த வின்கிறிஸ்டின் இன்று இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுக்கப்படுகிறது. ஆனால் அந்த இலையை நீங்களே பறித்துக் கஷாயம் வைத்துக் குடிக்காதீர்கள். அதில் இருப்பது விஷம். டாக்டர் அதை மிகச் சிறு அளவாக, இரத்தத்தைப் பார்த்துப் பார்த்து ஏற்றுகிறார்.

நம் நாட்டுக் காட்டிலும் இப்படி ஒன்று நடந்தது. 1987-இல் சரவாக்கின் லுண்டு பக்கம் பிந்தாங்கோர் மரத்தின் இலையையும் குச்சியையும் எடுத்துப் போனார்கள். அதில் எய்ட்ஸ் கிருமியைத் தடுக்கும் பொருள் இருப்பது தெரிந்து திரும்பி வந்து பார்த்தால், அந்த மரத்தைக் காணோம்! வேறு மரங்களைத் தேட வேண்டியதாயிற்று. கலனோலைட் என்ற அந்தப் பொருள் மனிதச் சோதனை வரை போயும் கடைக்கு வரும் மருந்தாகவில்லை. காட்டிலிருந்து மருந்துக் கடைக்கு வருவது அவ்வளவு நீளமான பாதை.

செடிதானே, பச்சிலைதானே, என்ன செய்துவிடும் என்கிற பேச்சுக்கும் ஒரு பதில் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியம் நாட்டில் உடல் இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் கெட்டது. பலருக்குப் பின்னால் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. ஒரு மூலிகைக்குப் பதிலாக வேறொன்று மாறிப் போனதுதான் காரணம். மாறி வந்த செடியில் அரிஸ்டோலோகிக் அமிலம் இருந்தது. நாம் ஈஸ்வரமூலி என்றும் ஆடுதீண்டாப்பாளை என்றும் சொல்லும் கொடிகள் அதே குடும்பம்தான். ஆடு கூடத் தீண்டாது என்று பெயர் வைத்த முன்னோருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது! அந்தக் கொடிகளை வயிற்றுக்குள் அனுப்பாதீர்கள்.

மூட்டு வலிக்கு விற்கும் பொடியையும் உருண்டையையும் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சாப்பிட்ட மறுநாளே வலி பறந்து போச்சு, பசி எடுக்குது, முகம் உப்பி ‘களை’ வந்துடுச்சு என்றால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். டெக்ஸாமெதசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்தைக் கலந்து மூலிகை என்று விற்றதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். நாள்பட்டுச் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. அப்படிச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் புட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

1992 முதல் பாரம்பரிய மருந்துகளும் அரசாங்கத்தில் பதிவு பெற வேண்டும் என்பது சட்டம். பதிவானதில் எம்.ஏ.எல். என்று தொடங்கி, எட்டு எண்களுக்குப் பின் டி என்ற எழுத்தில் முடியும் நம்பர் இருக்கும். அந்த டி எழுத்துக்கு உள்ள அர்த்தத்தை விளங்கிக்கொள்ளுங்கள். ஈயம், பாதரசம் போன்ற உலோகங்கள், கிருமிகள், களவாகக் கலந்த மருந்துகள் உண்டா என்று பார்த்திருக்கிறார்கள் என்பது அர்த்தம். நோயைக் குணப்படுத்தும் என்று நிரூபித்தாயிற்று என்பது அர்த்தமல்ல. சர்க்கரை, புற்றுநோய், இருதயம், சிறுநீரகம், இரத்தக் கொதிப்பு இவற்றைத் தீர்க்கும் என்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதையே 1956 ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. மரத்தடியில் மேசை போட்டு மைக்கில் பேசுவதும் விளம்பரம்தான்.

காசு கொடுக்காமல் தோட்டத்திலேயே பறித்துக்கொள்ளலாமே என்பீர்கள். எந்த இடத்தில் பறிக்கிறீர்கள்? செம்பனை நிரையிலும் வழித்தடத்திலும் களைக்கொல்லி அடிக்கிறார்கள். 2020 ஜனவரி முதல் பேராக்குவாட் தடை செய்யப்பட்டுவிட்டது, நம் மருந்தடிக்கும் பெண்களின் கண்ணையும் தோலையும் எத்தனை வருஷம் பாழாக்கிய பிறகு! ஆனால் கிளைபோசேட் இன்னும் அடிக்கப்படுகிறது. அது இலை வழியாக உள்ளே போய் வேர் வரை இறங்கும் மருந்து, கழுவினால் போகாது. அடித்துச் சில நாள் வரை செடி பச்சையாகவே நிற்கும், பார்த்தால் தெரியாது. வல்லாரையோ கீழாநெல்லியோ வேண்டுமென்றால் வீட்டு வாசலில் தொட்டியில் வளர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகச் சொல்லப் போவதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். தோட்டத்தில் காமாலை வந்தால் அது ஹெப்படைடிஸ் மட்டும்தான் என்று எண்ண வேண்டாம். எலியின் மூத்திரத்தால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் என்ற நோய் இருக்கிறது. செம்பனைப் பழத்துக்கு எலி வரும். ஆந்தைக் கூண்டு வைத்தாலும் வரும். உதிரிப் பழம் பொறுக்குகிறவர்களும் குலை வெட்டுகிறவர்களும் அந்த ஈரமண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும்தான் நிற்கிறார்கள். கை கால் சிராய்ப்பு வழியாகக் கிருமி நுழைகிறது. திடீர்க் காய்ச்சல், கெண்டைக்கால் சதையைத் தொட முடியாத வலி, கண் சிவப்பு, சிலருக்குப் பிறகு கண் மஞ்சள். ஆரம்பத்திலேயே போனால் டாக்ஸிசைக்ளின், பென்சிலின் போன்ற சாதாரண மருந்துகளே கேட்கும். மூன்று நாள் கீழாநெல்லி கொடுத்துப் பார்ப்போம் என்று வீட்டில் வைத்திருந்தால், அந்த மூன்று நாளில் சிறுநீரகம் நின்று போகலாம். ஆகவே கண் மஞ்சளானால் முதலில் இரத்தப் பரிசோதனை. கீழாநெல்லி மோர் எங்கும் ஓடிப் போகாது.

இதில் சங்க சம்பந்தமான விஷயமும் உண்டு. 2010 முதல் இந்த நோயைக் கண்ட டாக்டர் சுகாதார இலாகாவுக்கு அறிவிக்க வேண்டும். வேலைத்தலத்தில் தொற்றியது என்று காட்ட முடிந்தால் தொழில் நோய் என்று பெர்கேசோவில் கோரவும் வழி இருக்கிறது. கோருவதற்கு இரத்தப் பரிசோதனைத் தாள் வேண்டும், கிளினிக் பதிவு வேண்டும். வீட்டிலேயே கஷாயம் குடித்துப் படுத்திருந்தவருக்கு எந்தத் தாளும் இல்லை. சிறுநீரகம் போன பிறகு வந்து நிற்கும் குடும்பத்துக்கு நாங்கள் எதை வைத்து வாதாடுவது? காய்ச்சலோடு கிளினிக்கு போகும்போது, "செம்பனையில வேலை செய்றேன், எலி உள்ள இடம்" என்று டாக்டரிடமோ டிரஸரிடமோ நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள். அவர் கேட்கும் வரை காத்திருக்காதீர்கள். குடித்த கஷாயத்தையும் மறைக்க வேண்டாம். ஏசினால் ஏசட்டும், சில பச்சிலைகள் சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடும்.

ஹெப்படைடிஸ் பி தடுப்பூசி நம் நாட்டில் எல்லாக் குழந்தைகளுக்கும் 1989 முதல் போடப்படுகிறது. அதற்கு முன் பிறந்தவர்கள் கிருமி இருக்கிறதா என்று ஒரு முறை இரத்தம் பார்த்துக்கொள்வது நல்லது. இப்போது அதை அடக்கி வைக்க முறையாகச் சோதித்த மாத்திரைகள் இருக்கின்றன.

அந்தத் தம்பியின் புட்டியை வாங்கிப் பார்த்தேன். இலைப் படம் இருந்தது, வெள்ளைக் கோட்டுப் போட்ட ஆள் படம் இருந்தது, எம்.ஏ.எல். நம்பர் இல்லை. அடுத்த முறை வேன் வந்தால் முதலில் நம்பரைக் கேளுங்கள். கொடுத்தால், கைப்பேசியில் மருந்துப் பதிவு இலாகாவின் பட்டியலைத் திறந்து பார்க்க உங்கள் பிள்ளைக்குத் தெரியும். கொடுக்காவிட்டால் புட்டியையும் வேனையும் ஒரு படம் எடுத்துக் கிளைச் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள், சுகாதார இலாகாவுக்கு நாங்கள் அனுப்பி வைக்கிறோம்.